தூக்கப் பெரட்டு

தூங்கிடாத, தாயி. இன்னும் கொஞ்ச நேரம். அந்த மனுசன் பென்சிலைக் காதுல செருகுற வரைக்கும் கண்ணைத் தொறந்து வச்சுக்கோ. ஒனக்குத் தூக்கம் வருதுன்னு எனக்குத் தெரியும். கொட்டாவி விடாத. விட்டாலும் செவுத்துப் பக்கம் திரும்பி விடு.

மயிலம்மாள் இதையெல்லாம் மனசுக்குள்தான் சொன்னாள். பன்னிரண்டு அடி தூரத்தில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், கோணிச் சாக்கின் மேல் கிடந்த அவளுடைய இரண்டு வயது மகள் தாயம்மா, அதைக் கேட்டவளைப் போலவே வாயைத் திறந்து ஓவென்று அழுதாள். மயிலம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளை அழுவதைக் கேட்டு ஒரு தாய்க்கு நெஞ்சு குளிர்வது சரிதானா என்று உடனே ஒரு கேள்வியும் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள். அப்படி ஒதுக்கி வைத்த கேள்விகள் அந்த வருடத்தில் அவளிடம் நிறையச் சேர்ந்திருந்தன.

மணி மாலை ஏழு. அதாவது ஆபீஸ் கடிகாரத்தில் ஏழு. ஜப்பான்காரன் வந்ததும் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை வந்து சேரவில்லை. அது பழையபடி ஐந்தரை மணிக்கு உரிய இடத்திலேயே, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு மேலே, பளீரென்று நின்றது. கொட்டகைக்கு வெளியே கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கோழிகள் அடைவதற்கு முன்னால் பிள்ளைகள் தூங்கியாக வேண்டும் என்பது கெலாடித் தோட்டத்தின் புதிய ஒழுங்கு.

ஒழுங்கு வந்த விதம் இது.

கோலா சாவாவிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரை ஓடி இரண்டு வருடம் ஆகப் போகிறது. அவருடைய நாற்காலியில் மாதம் ஒரு முறை ஒரு ஜப்பான் துரை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு தலைமை எழுத்தரான பெரிய கிராணி சிவசிதம்பரம் தோட்டத்தை நடத்தினார். துரை நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தினமும் காலையில் அதைத் துடைத்து, அதற்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

சிவசிதம்பரம் யாழ்ப்பாணத்தவர். இருபத்திரண்டு வருடமாகத் தோட்ட ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தவர். இப்போது கித்தா பால் வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டிருந்தார்கள். மரவள்ளியைப் பற்றி எழுத அதிகம் ஒன்றும் இல்லை. எழுதாத நாட்களில் கிராணிக்கு வலது கை வீங்கியதுபோல் இருக்குமாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. கை வீக்கம் அன்றே வடிந்தது.

சி ரூசா கடற்கரையில் உப்புக் காய்ச்ச ஆள் வேண்டும். கெலாடித் தோட்டம் இருபது பெண்களை அனுப்ப வேண்டும். மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும். பிள்ளைகளைக் கொண்டு வரக் கூடாது. தாயில்லாமல் இருக்க முடியாத பிள்ளையை உடையவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆண்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஆண்களில் பாதிப்பேர் ஏற்கெனவே சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருந்தார்கள். மயிலம்மாளின் புருசன் நல்லசாமியும் போயிருந்தான். அவனையும் மூன்று மாதம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அது நடந்து எட்டு மாதம். ஆகவே மூன்று மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

பிள்ளை இல்லாத பெண்களையும், பெரிய பிள்ளைகளை உடையவர்களையும் சேர்த்துப் பார்த்ததில் பன்னிரண்டு பேர் தேறினார்கள். இன்னும் எட்டுப்பேர் வேண்டும். கிராணி இரண்டு நாள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் போகும் முன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் வடிவாக் கேளுங்கோ. தாயில்லாமல் இருக்கேலாத பிள்ளை எண்டால் எது? நான் யோசிச்சுப் பாத்தனான். சாப்பாடு ஆயா ஊட்டுவா. கழுவி விடுறதும் ஆயா. நடக்கிறதை அதுகளே நடக்குதுகள். மிச்சம் என்ன? நித்திரை! நித்திரைக்கு மட்டும்தான் உந்தப் பிள்ளையள் தாயைக் கேக்குதுகள். அந்த ஒண்டைத் திருத்திப்போட்டால் ஒரு பிள்ளைக்கும் தாய் தேவையில்லை. உலகத்தில இதை இவ்வளவு காலமா ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல எண்டது எனக்கே ஆச்சரியமாக் கிடக்கு."

பக்கத்தில் நின்ற, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசிக்குக் கிராணி பேசுவதை மறுபடி ஒருமுறை சொல்வது வழக்கம். எல்லாருக்கும் முதல் தடவையே விளங்கியிருக்கும். இருந்தாலும் சொல்வான்.

"ஐயா என்னா சொல்றாருன்னா, புள்ளைங்க தானா தூங்கணும். தட்டக் கூடாது, ஆட்டக் கூடாது, பாடக் கூடாது. தானா தூங்குனா நல்லது."

"யாருக்கு நல்லது, மண்டோரே?" என்று பின்னாலிருந்து ஆயா செல்லம் கேட்டாள்.

சன்னாசி கொஞ்சம் யோசித்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "நிர்வாகத்துக்கு," என்றான்.

தனியுறக்கப் பகுதி என்று ஒன்று அன்றே திறக்கப்பட்டது. அதற்குத் தலைவர் சிவசிதம்பரம். பென்சிலும் கையுமாக மேற்பார்வையாளர் சன்னாசி. லயத்தில் அவனை அன்று மாலையே தூக்க மண்டோர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மூன்று வயதுக்குட்பட்ட பத்தொன்பது பிள்ளைகளும் தினமும் ஏழு மணிக்கு ஆயாக் கொட்டகைக்கு வர வேண்டும். பெயர் கூப்பிடும்போது தாய் 'இருக்கு' என்று சொல்ல வேண்டும். பிறகு பிள்ளையைக் கோணியில் கிடத்திவிட்டு, பன்னிரண்டு அடி தள்ளிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப்புறம் வந்து நிற்க வேண்டும். பன்னிரண்டு அடி ஏன் என்று கேட்டதற்கு, ஆபீசில் இருந்த கயிறு அந்த அளவுக்குத்தான் போதும் என்று சன்னாசி சொன்னான். ஆனால் படிவத்தில் அது விஞ்ஞான ரீதியான தூரம் என்று எழுதியிருந்தது.

தட்டுவது, வருடுவது, 'ச்சோ ச்சோ' என்பது, கண்ணால் ஜாடை காட்டுவது எல்லாம் வெளி உதவி. வெளி உதவி பெற்ற தூக்கம் செல்லாது. தொட்டில் கட்டும் ஏணைத் துணிகளை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். சேலை கிடைக்காமல் பெண்கள் கோணியைத் தைத்து இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. மானத்துக்கு வைத்துக்கொள்ளாமல் பிள்ளைக்கென்று எடுத்து வைத்த பத்தொன்பது துணிகளும் ஆபீசுக்குப் போய், தனியுறக்கப் பகுதியின் கைப்பட்டிகளாகவும் ஒரு கொடியாகவும் திரும்பி வந்தன. மயிலம்மாள் கொடுத்தது நல்லசாமியின் பழைய கைலி. அதில் ஒரு துண்டு சன்னாசியின் புஜத்தில் இருந்தது. அவன் எதிரே வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

முதல் வாரம் தனியாகத் தூங்கியது ஒரே ஒரு ஆள். சன்னாசி.

அவனும் விடியுமுன் எழுந்தவன்தான். பத்தொன்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்தியதில் அவனுக்கு என்னவோ ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். சுவரோரம் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். யாரும் தட்டவில்லை, பாடவில்லை. கிராணி வந்து குனிந்து பார்த்தார். எழுப்பப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"வெளி உதவி ஏதும் உண்டோ?"

"இல்லீங்க," என்றாள் செல்லம்.

"அப்ப இது செல்லும். படிவம் வீணாகக் கூடாது."

தூங்கியவர் சன்னாசி, வயது நாற்பத்தாறு. படிவத்தில் அடுத்த கட்டம் தாயின் பெயர். முத்தாயி என்று சன்னாசி எழுந்ததும் சொன்னான். சேலத்துப் பக்கம் செத்துப் பதினாறு வருடமாயிற்று என்றும் சொன்னான். அதற்குக் கட்டம் இல்லை. கடைசி வரி ஏற்கெனவே அச்சாகியிருந்தது: மேற்படி தாய் உப்பு வேலைக்குத் தகுதியானவர். பன்னிரண்டு பதின்மூன்றாயிற்று.

"உப்புக்கு ஏத்திக்கிட்டுப் போற லோரியில அந்தம்மாவுக்கும் எடம் விட்டு உக்காருங்கடி," என்று செல்லம் லயத்துக் குழாயடியில் சொன்னாள். "சேலத்துலேருந்து வருது. அலுப்பா இருக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். மயிலம்மாளும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே கிடந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வாரத்தில் கிழக்கு சேர்க்கப்பட்டது. காலைப் பெரட்டில் எல்லாரும் கிழக்கே பார்த்து ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிய வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்தது. குனியாமல் தூங்கப் போவது மரியாதையல்ல என்று கிராணிக்குத் தோன்றிவிட்டது. பத்தொன்பது பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திக் குனிய வைத்தார்கள். ஆயாக் கொட்டகைக்குக் கிழக்கே ஆட்டுப்பட்டி. குனிந்த பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவர்களின் கால் இடுக்கு வழியாக ஆடுகள் தெரிந்தன. பாதிப் பிள்ளைகள் அங்கே ஓடின. ஒரு பிள்ளை மட்டும், ஒன்றரை வயது முருகையா, குனிந்த இடத்திலேயே தலை தரையில் முட்ட, பிட்டம் மேலே தூக்கியபடி, அசையாமல் நின்றது. பார்த்தால் தூக்கம்.

சன்னாசி ஓடிப்போய்க் கிராணியை அழைத்து வந்தான். முருகையாவின் தாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போனாள். கிராணி பிள்ளையை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். இதை எழுதினால், சக்கரவர்த்திக்குக் குனியும்போது ஒருவன் தூங்கிவிட்டான் என்றும் எழுத வேண்டும். கெலாடித் தோட்டத்தில் அப்படி நடக்காது. ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் தீர்ப்பு ஒட்டினார்: குனிந்த நிலையில் தூங்குவது நித்திரை ஆகாது, அது பக்தி.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. செல்லத்தின் யோசனைதான். மரவள்ளிக் காட்டு வேலை ஆபீஸ் மணி இரண்டுக்கு முடிந்துவிடும். இரண்டிலிருந்து ஆறரை வரை லயத்து வீடுகளில் கோணியிலே ஏணை கட்டி, ஆட்டி, தட்டி, பாடி, பிள்ளைகளை நன்றாகத் தூங்க வைத்தார்கள். ஏழு மணிக்கு அவை விடிந்து எழுந்த சேவல் மாதிரி கொட்டகைக்கு வந்தன. ஒன்றுக்கும் கண் சொக்கவில்லை. கிராணி மணிக்கணக்கில் நின்று பார்த்துவிட்டு, தோட்டத் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று டிரசருக்கு எழுதினார்.

ஒருநாள் அவர் மயிலம்மாளின் பக்கத்தில் வந்து நின்றார். "உன்ரை பிள்ளைதான் பெரிய குரல். என்ன பழக்கி வச்சிருக்கிறாய்?"

"கை மடிப்பத் தேடுறா, ஐயா." மயிலம்மாள் முழங்கையின் உள்பக்கத்தைக் காட்டினாள். "இங்க ஒரு வெரல வச்சுத் தேச்சுக்கிட்டே தூங்குவா. அவங்கப்பா போனதுலேருந்து."

"அது கூடாத பழக்கம். பிள்ளையள் சின்னனிலேயே தனிச்சு நிக்கப் பழக வேணும்."

"ஐயா வீட்டுல புள்ளைங்க தனியாத்தான் தூங்குதுங்களா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்துக் கிராணிக்கும் உண்மை வந்துவிட்டது.

"என்ரை மூத்தவனுக்குப் பத்து வயசு. தாயின்ரை சேலைத்தலைப்பைப் பிடிக்காட்டி அவனுக்கு நித்திரை வராது. கெட்டிக்காரன். ஆனா இருட்டுக்குப் பயம். எனக்கும் சின்னனில அப்பிடித்தான், எங்கடை அம்மா…" என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக் கைப்பட்டியைச் சரி செய்துகொண்டார். "அது உத்தியோகத்தர் வீடு. இந்த ஒழுங்கு தொழிலாளர் பிள்ளையளுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதை."

மயிலம்மாளுக்குக் கோபம் வரவில்லை. பத்து வயதுப் பையன் சேலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. பாவம் என்று தோன்றியது. யார் பாவம் என்று பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் வாரம் குழாயடியில் சன்னாசி அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மயிலு, ஒன்கிட்ட சொல்றதுக்கென்னா. புள்ளைங்க தூங்குனாலும் லோரி வரும், தூங்காட்டியும் லோரி வரும். இருவது பேருக்குன்னு சொல்லி விட்டாச்சு."

"அப்ப இந்தக் கயிறு, படிவம் எல்லாம் என்னாத்துக்கு?"

"படிவத்துல தாய் கைநாட்டு வச்சிட்டா நீங்களா போனதா ஆயிரும்லா. இல்லாட்டி ஐயா புடிச்சு ஏத்துனதா ஆயிரும். அவருக்கு அது பிடிக்காது. நல்ல மனுசன்."

அன்று மத்தியானம் மயிலம்மாள் ஏணை கட்டவில்லை. தாயம்மாவைத் தரையில் பாயில் கிடத்திப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் இந்தப் பிள்ளை யாருடைய முழங்கையைத் தேடும்? செல்லத்தக்கா கை இருக்கிறது. பத்தொன்பது பிள்ளைகளுக்கு அந்த இரண்டு கைதான். மூன்று மாதம் இவள் தூங்காமல் கிடப்பாளா? இன்னொன்றும் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கிராணியும் கயிறும் வருவதற்கு முன்பே, இந்தப் பிள்ளை தானாகத் தூங்கினால் நன்றாயிருக்கும் என்று அவள் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. கை மரத்துப்போய், அரிக்கிற முதுகைச் சொறிய முடியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த நேரங்களில். நல்லசாமியை நினைத்து அழக்கூட இரண்டு கையும் அவளுக்கென்று இருந்ததில்லை.

ஆபீஸ் கேட்கிறது என்பதற்காக எனக்கு வேண்டியது வேண்டாமல் போய்விடுமா?

அவளே பழக்கத் தொடங்கினாள். படிவம் இல்லாமல், மத்தியானத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. முதல் இரண்டு நாள் முழங்கைக்குப் பதில் ஒரு விரலைக் கொடுத்தாள். தாயம்மா அந்த விரலை வாங்கிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைச் சீவினாள். பிள்ளை எழுந்து எழுந்து உட்கார்ந்தது. மயிலம்மாள் ஒவ்வொரு தடவையும் கிடத்திவிட்டு, "அம்மா இங்கதான் கெழங்கு சீவுறேன்," என்பாள். கத்தி கிழங்கில் ஓடும் சர்க் சர்க் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிள்ளை தன் முழங்கையில் தானே ஒரு விரலை வைத்துத் தேய்த்தது. அதைப் பார்த்தபோது மயிலம்மாளின் கத்தி நின்றுவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தாள். பாய் ஓரம், அடுப்படி, வாசற்படி. எல்லா நாளும் முன்னேற்றம் இல்லை. ஒருநாள், தூங்கிவிட்டாளே என்று ஓசைப்படாமல் குழாயடிக்குப் போய் வந்தாள். பிள்ளை இடையில் கண் விழித்துத் தேடியிருக்கிறது. அடுத்த மூன்று நாளும் பாயைக் கண்டாலே அலறியது. மறுபடி விரலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்புறம் எழுந்து போவதென்றால் சொல்லிவிட்டுத்தான் போனாள். பிள்ளை முனகினாலும் சொன்னாள். சொன்னபடி வந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், உள்ளே வெகு நேரமாகச் சத்தமில்லை என்பதைக் கவனித்துத் திரும்பினாள். தாயம்மா ஒருக்களித்து, கை விரிந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் தூங்க வைக்காத முகம் வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் பெரிய பெண் மாதிரி. மயிலம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே யாரோ தன்னைக் கைவிட்டுப் போனது போலவும் இருந்தது. இரண்டையும் சொல்ல ஆளில்லை. செல்லத்திடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் அது ஒரு செய்தி. செய்தி நடந்து ஆபீசுக்குப் போகும். மாலை ஏழு மணிக்குக் கொட்டகையில் தாயம்மா வழக்கம்போல அழுதாள். கயிறும், கூட்டமும், வெயிலும், சன்னாசியும் யாரைத்தான் அழ வைக்காது.

லோரி வருவதற்கு முதல் நாள் ஜப்பான் துரை பார்வையிட வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. கிராணி ஒத்திகை வைத்தார். நடுப்பகலிலிருந்தே பிள்ளைகளைக் கொட்டகையில் நிறுத்திக் குனிவது, கிடப்பது, எழுவது என்று நான்கு முறை செய்ய வைத்தார். மத்தியானத் தூக்கம் போயிற்று. ஏழு மணிக்குள் பத்தொன்பது பிள்ளைகளும் தூக்கம் வந்து, தூங்கத் தெரியாமல், கண்ணைக் கசக்கி, முகம் சிவந்து, ஒன்றைப் பார்த்து ஒன்று அலறின. கயிற்றுக்கு இந்தப்புறம் தாய்மார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஜப்பான் துரை வந்தார். நீண்ட வழி வந்த களைப்பு அவர் காலணிகளில் தெரிந்தது. கிராணி இடுப்பை மடித்துக் குனிந்தார். கொடி, கயிறு, படிவக் கட்டு எல்லாவற்றையும் காட்டினார். துரை ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஓரத்தில் கிடந்து விக்கி விக்கி அழுத முருகையாவை. சப்பென்று தரையில் குந்தி உட்கார்ந்தார். இடுப்பில் தொங்கிய வாளைப் பின்னால் தள்ளிவிட்டு, பிள்ளையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தட்டத் தொடங்கினார். தட்டிப் பழகிய கை. வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டுக்கூட முனகினார்.

மற்றப் பிள்ளைகள்கூட அழுகையை விட்டு வேடிக்கை பார்த்தன. சன்னாசி பென்சிலை எடுத்துக்கொண்டு கிராணியின் காதருகே போனான்.

"ஐயா, வெளி உதவின்னு எழுதவா?"

"பேசாமல் இரடா. அது உதவியில்லை." கிராணியின் நெற்றி வேர்த்தது. "அது மேற்பார்வை."

முருகையா மேற்பார்வையில் தூங்கிப்போனான்.

அந்த அமைதியில்தான் மயிலம்மாள் பார்த்தாள். எல்லாரும் துரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாயம்மா தன் கோணியில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கயிற்றுக்கு இந்தப்புறம் ஒவ்வொரு முகமாகத் தேடி வந்து மயிலம்மாளின் முகத்தில் நின்றாள். இருக்கிறாள் என்று கண்டுகொண்டாள். அவ்வளவுதான். ஒரு பெரிய மனுஷியைப் போல நிதானமாகப் படுத்து, ஒருக்களித்து, தன் முழங்கை மடிப்பில் தன் விரலை வைத்துக்கொண்டு, இரண்டு முறை தேய்த்தாள். மூன்றாவது முறை விரல் பாதியில் நின்றது.

துரை எழுந்து, மணியைப் பார்த்து, காரை நோக்கிப் போனார். வழியனுப்பித் திரும்பிய கிராணி தாயம்மாவைக் கண்டார். தொட்டுப் பார்க்கத் துணியாமல் சுற்றி வந்தார். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி பொய்யில்லை. ஏறக்குறைய இரண்டு மாதமாக ஒரு பிள்ளையாவது தூங்காதா என்று ஏங்கிய மனிதர் அவர்.

"பாத்தீங்களோ! நான் சொன்னனான்! தானாகவே! ஒரு கை படேல்ல!"

செல்லம் மயிலம்மாளின் தோளை இடித்தாள். உதடு அசையாமல் பேசினாள். "கயித்துக்குக் கீழ நுழைஞ்சு கிட்டப் போடி. பாதத்துல ஒரு கிள்ளு. முழிச்சுக் கத்தட்டும். படிவம் செல்லாமப் போயிரும். சீக்கிரம், நாளைக்கு லோரிடி."

அது நல்ல யோசனை. ஒரு சின்னக் கிள்ளு. மயிலம்மாள் கயிற்றைத் தூக்கி உள்ளே போனாள். பிள்ளையின் பாதம் கோணிக்கு வெளியே கிடந்தது. குதிகாலில் மரவள்ளிக் காட்டுச் செம்மண். அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தூக்கத்தை இவள் எவ்வளவு தூரம் நடந்து வந்து எடுத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து வாசற்படி வரைக்கும். அதை இப்போது நானே பறித்தால், இனிமேல் என் முகத்தைப் பார்த்து இவள் எப்படிப் படுப்பாள்?

அவள் கிள்ளவில்லை. பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

கிராணி படிவத்தையும் மைப்பெட்டியையும் கொண்டு வந்தார். "பெருவிரலை வை, பிள்ளை. வாசிக்கிறன் கேள். 'என் பிள்ளை தானாகவே உறங்குகிறது. அதற்கு நான் தேவையில்லை.' ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லாரும் பாத்தவை."

"மொத வரி நெசம், ஐயா."

"அதுதானே. வை."

"ரெண்டாவது வரி நெசமில்ல."

கிராணி காகிதத்தை உயர்த்தி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒண்டு சரியெண்டால் மற்றதும் சரிதானே? ஒரே படிவம். ஒண்டுக்கு வச்சு ஒண்டுக்கு வைக்காமல் விடேலாது."

"அப்ப வைக்கல, ஐயா."

அவள் குரலை உயர்த்தாததால் அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபப்படுவதா என்று யோசித்தது தெரிந்தது. கயிற்றுக்கு அப்பால் பதினெட்டுத் தாய்மார்கள் நின்றார்கள். சன்னாசி தரையைப் பார்த்தான்.

"நாளைக்கு லோரி வருது." கிராணியின் குரல் முதல் தடவையாக ஆபீசை விட்டு இறங்கி வந்தது. "உன்ரை கைநாட்டு இல்லாமல் நான் எப்பிடி உன்னை ஏத்துறது? என்ன எண்டு எழுதுறது? எனக்கும் மேல ஆக்கள் இருக்கினம். கொஞ்சம் யோசிச்சுப் பார். எழும்பி வா. எழும்பி வந்து இதில வச்சிட்டுப் போ!"

சொல்லச் சொல்ல அவர் சத்தம் மறுபடி ஏறியது. தாயம்மா புருவத்தைச் சுருக்கி, உதட்டை ஒருமுறை சப்பி, திரும்பிப் படுத்தாள்.

கிராணி மைப்பெட்டியைத் திறந்தபடி நீட்டிக்கொண்டே நின்றார். மயிலம்மாள் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க, ஐயா," என்றாள். "புள்ள தூங்குறா."